ஜன்னலுக்கு முன்னால் பீரோ வேண்டாம்

மகனே,

நேற்று நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் நாக்கில் கசந்துகொண்டே இருக்கிறது. "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்மா" என்றாய். புனேயில் ஏதோ மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையைக் கேட்டு யாருக்காவது குமட்டுமா என்று கேட்பாய். எனக்குக் குமட்டியது. லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆளாக வந்து ஒட்டிக்கொள்கிறவன் சொல்லும் வார்த்தை அது. ரயிலில் அது நியாயம்தான். அரை உடம்பு பெஞ்சிலும் அரை உடம்பு அந்தரத்திலுமாக உட்கார்ந்தாலும் குர்லா வந்தால் இறங்கிவிடலாம். வீட்டில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதை நீ மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகரிலிருந்து சீர்ச் சாமானோடு டெம்போ வந்துவிடும். அதற்குள் நீ ஒரு காரியம் செய்தாக வேண்டும். அது என்ன காரியம், அதை ஏன் நீயே செய்ய வேண்டும், நான் செய்தால் ஏன் ஆகாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். செம்பூரில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுக்களை என்று கடன் போட்டு வீடு வாங்கியிருக்கிறாய். தாராவியில் ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது அரண்மனைதான், ஒத்துக்கொள்கிறேன். சாவியை வாங்கிய அன்று வெறும் ஹாலின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாயே, எதிலும் கை இடிக்கவில்லை என்று சிரித்தாயே, நினைவிருக்கிறதா? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதே ஹாலை அடைத்துவைக்க ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. சுபாவின் அப்பா சீர் வாங்குகிறார். ஆண்டாப் ஹில்லில் மாவு மில் வைத்துப் புருவமெல்லாம் மாவாகச் சம்பாதித்த மனிதர், ஒரே பெண், குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கிங் சைஸ் கட்டில், அதன் வயிற்றுக்குள்ளும் சாமான் அடைக்க ஒரு பெட்டி. மூன்று கதவு மரப் பீரோ, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. எல் மாதிரி வளைந்த சோபா. ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை. போதாதென்று டிரஸ்ஸிங் டேபிள் வேறு. இருக்கப்போவது இரண்டு பேர். மீதி நாலு நாற்காலியில் யாரை உட்காரவைக்கப் போகிறீர்கள்? விரலுக்குத் தக்க வீக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் யார் தலையிலும் ஏறாது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்க் கட்டையும் கத்திரியையும் எடுத்துக்கொண்டு செம்பூர் வீட்டுக்குப் போனேன். சுபாவையும் வரச் சொன்னேன். நான் தையல்காரி. துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் பேப்பரில் வெட்டி உடம்பில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஒவ்வொரு சாமானின் நீள அகலத்தையும் சுபா தன் போனிலிருந்து வாசித்தாள். நான் பேப்பர்களை ஒட்டி அந்தந்த அளவுக்கு வெட்டினேன். இருவருமாகத் தரையில் விரித்தோம். தமிழ்ப் பேப்பர் கட்டிலாயிற்று, மராட்டிப் பேப்பர் சோபாவாயிற்று. பீரோவுக்கு முன்னால் கதவு திறக்கவும் திறந்த கதவுக்கு முன் ஒரு ஆள் நிற்கவும் இடம் வேண்டும் என்று அதற்கும் ஒரு துண்டு போட்டோம். கடைக்காரன் சொல்லும் அளவு சாமானுடைய அளவுதான். சாமானைப் பயன்படுத்தும் மனுஷியின் அளவை அவன் சொல்லமாட்டான். எல்லாவற்றையும் விரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் எங்கள் இருவருக்கும் கால் வைக்கத் தரை இல்லை. ஆளுக்கொரு மூலையில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் போல நின்றோம்.

அந்த நேரம் பார்த்து சுபாவின் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே நடந்தார்.

"பாத்து வாங்க அண்ணாச்சி, சோபாவ மிதிச்சிராதிய" என்றேன்.

"எங்கன மதினி சோபா?"

"அதும்மேலதான் நிக்கிய."

மனிதர் பதறிப்போய்க் காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விடவில்லை. கீழே கடையிலிருந்து வாங்கிவந்த சாயாவை அவர் கையில் கொடுத்து, "இத எடுத்துக்கிட்டு, பேப்பர மிதிக்காம அடுக்களையிலேருந்து பால்கனி வரைக்கும் நடந்து காட்டுங்க பாப்போம்" என்றேன். அவரும் விளையாட்டாக நடந்தார். வயிற்றை எக்கினார், சுவரோடு முதுகை ஒட்டினார், பக்கவாட்டில் நகர்ந்தார். பாதி தூரத்தில் சாயா கொட்டி மராட்டி சோபா நனைந்துவிட்டது. அப்போதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு நாள் பழகுனாச் சரியாயிரும் மதினி. அட்ஜஸ்ட் பண்ணிக்கிட வேண்டியதுதான்." மாமனாரும் மருமகனும் உறவாவதற்கு முன்னாலேயே வார்த்தை மட்டும் ஒன்றாகிவிட்டது, போ.

இதையும் கேட்டுக்கொள். ஒரு வீட்டில் சாமான் அதிகமாகிவிட்டால் யாராவது ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். யார் ஒதுங்குகிறார்கள் என்று எந்த வீட்டிலாவது போய் நின்று பார். கையில் சோற்றுப் பானையோடு வருகிறவள்தான் ஒதுங்குவாள். கையை வீசிக்கொண்டு வருகிறவன் நேராக வருவான். சண்டையில்லை, சத்தமில்லை, சட்டமும் இல்லை. சோபாவும் மேஜையும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன. நான் இந்த ஒரே அறையில் எத்தனை வருஷமாகப் பக்கவாட்டில் நடக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போது நல்ல அகலமான பிளாட்பாரத்தில் நடந்தால்கூடத் தோளைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன். உன் அப்பா அதைப் பார்த்துக் கேலி செய்கிறார்.

படுக்கையறைக்கு வருகிறேன். அந்த அறையில் ஒரு சுவரில் வாசல் கதவு. இன்னொன்றில் பாத்ரூம் கதவு. மூன்றாவது சுவரில் கட்டிலின் தலைமாடு. மிஞ்சியது ஜன்னல் சுவர் மட்டும். கிழக்கே பார்த்த ஜன்னல், காலையில் தரையில் பாதி அறைக்கு வெயில் விழுகிறது. அந்த வெயிலில் சுபா ஏற்கெனவே ஒரு பேப்பரை விரித்து வைத்திருந்தாள். ஒற்றைத் தாள், அவ்வளவுதான். நான் வெட்டவில்லை, அவளாகவே விரித்தது. "இது என்னதும்மா?" என்று கேட்டேன். "என் டேபிள் அத்தை. வாரத்துல மூணு நாள் வீட்லேருந்துதான வேலை. லேப்டாப் வச்சுக்கிட ஜன்னல் பக்கத்துல கொஞ்சூண்டு இடம் இருந்தாப் போதும்" என்றாள். இத்தனை பெரிய வீட்டில் அந்தப் பெண் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அவள் அப்பா உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், "பீரோ இங்கனதான் வரும்" என்று ஜன்னலைக் காட்டினார். ஜன்னல் மறைந்துபோகுமே என்று நான் சொல்வதற்குள், "ஏசி போட்டாச்சுன்னா ஜன்னல் எதுக்கு மதினி?" என்றார். சுபா ஜன்னல் பக்கம் போனாள். குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். நாலாக மடித்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். முகத்தில் ஒரு கோணல்கூட இல்லை. அழுதிருந்தால், முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் நான் இவ்வளவு நொந்திருக்கமாட்டேன். இவ்வளவு லாவகமாக மடிக்க எங்கே பழகினாள் இந்தப் பிள்ளை?

பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, பீரோ வேண்டாம். சோபாவும் வேண்டாம், அந்தப் பெரிய மேஜையும் வேண்டாம். நிறுத்திருங்க." அவர் முகம் சட்டென்று வெளிறிப்போயிற்று. மகளைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டு என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. அதுக்குப் பதிலா நகையாப் போடணும்னா நேராவே சொல்லிருங்க. நான் பாத்துச் செய்யுதேன்."

சீ! என் உடம்பெல்லாம் கூசிவிட்டது. சாக்கடையில் கால் வைத்தால்கூட இப்படி இராது, கழுவிவிடலாம். நான் வேண்டாம் என்றது அவர் காதில் வேறு ஏதோ வேண்டும் என்று விழுந்திருக்கிறது. அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், திட்ட முடியவில்லை. அவர் மேல் என்ன தப்பு? நம் ஆட்களில் மாப்பிள்ளையின் அம்மா எவளாவது சும்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளா? "எங்களுக்கு எதுக்குங்க கட்டிலு, பிள்ளைக்குப் போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கழுத்தை அல்லவா பார்த்திருக்கிறார்கள். வேண்டாம் என்ற நல்ல வார்த்தையை இத்தனை பேர் இத்தனை வருஷமாக எச்சில் பண்ணி வைத்திருக்கிறார்கள். இப்போது எனக்கு நிஜமாகவே வேண்டாம், சொல்வதற்கு வார்த்தை இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அவர் நம்பவில்லை. கடைசியில் மனசு திறந்து ஒன்று சொன்னார்.

"மாப்ள வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லட்டும், உல்லாஸ்நகர்க்காரன்ட்ட பேசி நிறுத்திருதேன். மாப்ள ஒண்ணும் சொல்லலியே மதினி. நீங்க மட்டும் சொன்னா எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பயத்தைப் போக்கத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம் என்றாய். கொடுக்கிறதை எப்படிம்மா வேண்டாம்னு சொல்றது, அவங்க மனசு சங்கடப்படும் என்றும் சொன்னாய். யார் மனசு? மாமனார் மனசு உனக்குத் தெரிகிறது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தவளின் மனசு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவள் அதைச் சத்தமில்லாமல் மடித்தாள். உன்மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை, தெரிந்துகொள். கோபம் வந்தால் கத்திவிட்டுச் சோறு போட்டுவிடுவேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளைமேல் அப்படி ஒன்று வருவது எவ்வளவு கேவலமான உணர்ச்சி என்று எழுதவே கை கூசுகிறது.

என் சீர்ப் பீரோவின் கதை உனக்குத் தெரியாது. நீ பிறக்கும் முன்பே அது இங்கே நின்றுகொண்டிருந்ததால், அதைச் சுவரின் ஒரு பாகம் என்றுதான் நினைத்திருப்பாய். நான் கல்யாணமாகி இந்தக் கோலிக்கு, இந்த ஒற்றை அறைக்கு, வந்தபோது சீர் பின்னால் லாரி சர்வீஸில் வருவதாக இருந்தது. தாராவியில் தெரு முனையிலேயே பீரோக் கடை இருந்தது. ஆனாலும் என் அப்பா திருநெல்வேலியில் வாங்கித்தான் அனுப்புவேன் என்று பிடிவாதமாக நின்றார். இங்கே வாங்கினால் நாம் கொடுத்தது என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். லாரி வந்து சேரச் சில வாரங்களாயிற்று. அந்தச் சில வாரம் இந்த அறையில் ஜன்னல் இருந்தது. ஒரு சுவரில் வாசலும் அடுப்பு மேடையும், ஒரு சுவரில் குளிக்கிற மோரி, ஒரு சுவரில் கட்டில், நாலாவது சுவரில் ஜன்னல். வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குழாய், அதைச் சுற்றிச் சண்டை, அதற்கு மேலே கொஞ்சம் ஆகாயம். அதன் கீழே உட்கார்ந்து சேலைக்கு ஃபால் தைப்பேன். நூல் கோக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதே இல்லை.

பிறகு பீரோ வந்தது. சந்துக்குள் நுழையாமல் நாலு பேர் படுக்கவைத்துத் தூக்கிவந்தார்கள். வாசலில் இடித்து நிலைப்படி பெயர்ந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, வந்ததே பெருமை. மிச்சமிருந்த ஒரே சுவரில், ஜன்னலை மறைத்து, நிறுத்தினார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமைதான். கண்ணாடியைத் துடைத்து நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்தவளே நான்தான். மறுநாள் காலையில் எழுந்தால் விடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பகலிலும் டியூப்லைட் போட்டேன். மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுப் போகிறவர் வருகிறவர் காலடியில் உட்கார்ந்து சேலை ஓரத்துக்குப் பீக்கோ அடித்தேன். நீ ஸ்கூலுக்குப் போகும் முன்னாலேயே எனக்கு மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. டாக்டர் காரணம் கேட்டபோது உன் அப்பா, "ராப்பகலாத் தைக்கா டாக்டர்" என்று என்னைக் குற்றம் சொன்னார். பீரோவை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை.

அதை நகர்த்தலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா? உன் அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "ஏட்டி, ஒங்கய்யா குடுத்ததுல்லா. அத எங்கன போட?" என் அப்பா கொடுத்ததை வைத்தே என் வாயை அடைப்பார். மழைக்காலம் வந்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் ஏறும். உள்ளே இருக்கும் பட்டுச்சேலையில் பூஞ்சை பூக்கும். பின்னால் எலி குட்டி போட்டுச் செத்து நாறினால்கூடக் கையை விட முடியாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்றம் தானாக அடங்கும்வரை சாப்பிட வேண்டும். இந்த ஊர் மழைக்கு எந்தச் சாமானையும் சுவரோடு ஒட்டிப் போடாதே. கை நுழைந்து துடைக்கிற அளவுக்காவது இடைவெளி விடு. கட்டிலையும் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிப் போடாதே. ஒட்டிப் போட்டால் சுவர்ப்பக்கம் படுக்கிறவள் பெண்டாட்டியாகத்தான் இருப்பாள். ராத்திரி அவசரத்துக்கு எழுந்தால் புருஷனைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். காலைத் தாண்டினால் பாவம் என்பார்கள். எழுப்பினால் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்பார்கள். நான் அடக்கிக்கொண்டு கிடந்த ராத்திரிகளை எழுதினால் நீ முகம் சுளிப்பாய். சுளி. அதுவும் வீட்டுச் சாமான் சமாச்சாரம்தான்.

நேற்று நீ போனை வைத்த பிறகு என்னால் இந்த அறையில் இருக்க முடியவில்லை. நேராகப் போய்ப் பழைய இரும்பு எடுக்கும் பங்கார்க்காரனைக் கூட்டிவந்தேன். உன் அப்பா முதலில் குதித்தார். "மகனுக்குக் கல்யாணம் வருது, வீட்ல இருக்க பீரோவப் பழைய இரும்புக்குப் போடுதா, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்றார். "ஆமா, கிறுக்குத்தான். ஒரு பக்கம் புடிங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் பிடித்தார். அது நகர்ந்தபோது அதன் பின்னால் இருந்ததைச் சொல்கிறேன் கேள். கரப்பான் முட்டைக் கூடுகள் புளியங்கொட்டை கொட்டினாற்போலக் கிடந்தன. எலிப் புழுக்கை. காய்ந்து ஒட்டிப்போன பல்லி. சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, தொட்டால் தோல் மாதிரி உரிந்தது. இதற்குப் பக்கத்தில்தான் நாம் சோறு தின்றிருக்கிறோம். இதற்கு இந்தப் பக்கம்தான் உன்னைத் தூங்கவைத்திருக்கிறேன். எனக்கு வாந்தி வந்துவிட்டது. மோரியில் போய் எடுத்துவிட்டு வந்து விளக்குமாற்றைப் பிடித்தேன்.

எல்லாம் கூட்டி அள்ளிய பிறகு ஜன்னல் தெரிந்தது. அதே மரக்கதவு. கொண்டி துருவேறி இறுகிப்போயிருந்தது. உன் அப்பா சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். காற்று வரும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன், சிரிக்காதே. கதவு திறந்தது. காற்று வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. எதிரே செங்கல். பூசாத செங்கல் சுவர், நடுநடுவே சிமெண்டு பிதுங்கி வழிந்து காய்ந்திருந்தது. கம்பிக்கு வெளியே கையை விட்டேன், முழங்கை நீள்வதற்குள் உள்ளங்கை சுவரில் பட்டது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ அடுப்பெரிக்கிறார்கள். கடுகு தாளிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"இத எப்பட்டி கட்டுனான்?" என்று உன் அப்பா கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவருக்குந்தான் என்ன தெரியும்? நம் ஜன்னலை நெருக்கி ஒருவன் கல்மேல் கல் வைத்துக் கட்டியிருக்கிறான், நாம் இந்தப் பக்கம் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். நாம் இடம் கொடுத்ததே நமக்குத் தெரியாது. விடுவேனா, சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போய் அந்த வீட்டுக்காரியைப் பிடித்தேன். ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறீர்களே, ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கத்தினேன். அவள் பாவம், மாவுக் கையோடு வந்து நின்று முழித்தாள்.

"உதர் கிட்கி தீ க்யா?" என்றாள். அங்கே ஜன்னலா இருந்தது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவர்கள் கட்டும்போது எப்போதும் மூடியே கிடந்த ஒரு பலகைதான் அங்கே இருந்ததாம். அதிலிருந்து யாரும் எட்டிப் பார்த்ததில்லையாம். இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். உன் அப்பா அந்தத் திறந்த ஜன்னலுக்கு முன்னால் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். "நான் முன்னயே நவட்டிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவரை நோகடிக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் எதற்கும் உதவாத அந்த ஜன்னலை மூடவில்லை. செங்கல்லையே பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது உன் காரியம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சுபாவின் அப்பாவுக்கு நீயே போன் செய். உன் அம்மா சொன்னாள் என்று சொல்லாதே. சொன்னால் மறுபடி நகைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். எனக்கு வேண்டாம் மாமா என்று சொல். அதோடு நிறுத்தாதே, பதிலுக்கும் எதுவும் வேண்டாம் என்று சொல். அதை அவர் நம்பும்வரை திருப்பித் திருப்பிச் சொல். சங்கடப்படுவார், படட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கட்டில் வரட்டும், இரண்டு பக்கமும் கால் வைத்து இறங்குகிற அளவில். ஒரு சின்னப் பீரோ, தலைமாட்டுச் சுவரில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. சாப்பிடுவதற்கு மடக்கி வைக்கிற மேஜை ஒன்று போதும். ஹாலைக் காலியாக விடு. ஹால் காலியாக இருந்தால் வருகிறவர்கள் ஒன்றுமில்லாத வீடு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் போன பிறகு நீங்கள் இருவரும் அதில் நேராக நடக்கலாம்.

போன் செய்த பிறகு சுபாவிடம் அந்த ஒற்றைத் தாளைக் கேள். அவள் பையிலேயேதான் வைத்திருப்பாள், நான் போட்டதல்ல அது, அவளுடையது. அவளையே கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே விரிக்கச் சொல். மீதிச் சாமானுக்கு அதற்குப் பிறகு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா